ஒன்பது பூனைகள்

செதூபல் துறையில் படகுச் சீட்டு கொடுப்பவள் நான்.
மறுகரைக்குப் போகிறவர்களை எண்ணி எண்ணி
இந்தக் கரை சலித்துவிட்டது.
போர்ட்டோவில் ஒரு வேலைக்கு எழுதிப்போட்டேன்.
அன்றிரவு, ஒன்பது பேருக்கு மட்டும் தெரியும்படி
பச்சை வட்டத்துக்குள் வைத்துச் சொன்னேன்:
ஒருவேளை போய்விடுவேன்.

ஒன்பது பேர்.
எழுநூற்றுச் சொச்சத்தில் சலித்தெடுத்தவர்கள்.
என் வயிற்றுத் தழும்பைப் பார்த்தவர்கள்.
கல்யாணப் படங்களை நான் எரித்த அன்று
ஏன் என்று கேட்காமல் தீப்பெட்டி நீட்டியவர்கள்.

வியாழக்கிழமை காலை, மேலாளர் பர்னபே
காபியைக் கலக்கியபடியே கேட்டார்:
"போர்ட்டோவில் மழை அதிகமாமே?"

கோப்பையில் கரண்டி தட்டிய சத்தம்
நாள் முழுக்க என் காதில்.

அமைப்புகள். தனியுரிமை. யார் யார் பார்க்கலாம்.
சாம்பலிலிருந்து நீலம், நீலத்திலிருந்து சாம்பல்,
விரல் நுனியில் திறந்து மூடும் குட்டிக் குட்டிக் கதவுகள்.
யாரை வெளியே தள்ள?
துல்சேயின் வாய் ஓட்டைதான்,
ஆனால் என் விஷயத்தில் ஒருநாளும் ஒழுகியதில்லை.
அன்செல்மோவுக்குக் கைபேசியில் எழுத்துகூடச் சரியாக வராது.

இரவு இரண்டு மணிக்கு ஒரு யோசனை.
இரவு இரண்டு மணிக்கு
நல்ல யோசனை யாருக்கும் வந்ததில்லை.

பூனை வளர்க்கிறேன் என்று எழுதினேன்.
ஒன்பது முறை எழுதினேன்,
ஒவ்வொன்றும் ஒருவர் கண்ணுக்கு மட்டும்.
துல்சேவுக்குக் கறுப்பு, பெயர் அசெய்தோனா.
அன்செல்மோவுக்குச் செம்பட்டை, ஒரு காது கிழிந்தது.
கிராசாவுக்கு வெள்ளை, செவிடு.
குஸ்தோடியோவுக்குச் சூல் பூனை.
இப்படியே ஒன்பது.
எந்தப் பூனை பர்னபேயின் மேசையில் ஏறி உட்காருகிறதோ
அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போனால்
வீடு தெரிந்துவிடும்.
பூனைக்குட்டி தானே வெளியே வரட்டும் என்று காத்திருந்தேன்.

பதினெட்டு நாள்.
எதுவும் வரவில்லை.

அன்செல்மோ வந்தார், மூன்று மாடி ஏறி,
தோளில் பூனைக்கான மணல் மூட்டையோடு, மூச்சிரைக்க.
கிராசாவின் மகள் செவிட்டுப் பூனைக்கு
விரல்களால் ஒரு பெயர் செய்து காணொளி அனுப்பினாள்.
குஸ்தோடியோ, ஈனாத குட்டிகளில் ஒன்று தனக்கு என்றார்.
எலிசியாரியோ மட்டும் பார்த்துவிட்டுப் பேசாமலிருந்தான்.
இவன்தான் என்று பல்லைக் கடித்தேன்.
அவனுக்குப் பூனை முடி ஒவ்வாதாம்;
இனி என் வீட்டுக்கு வர முடியாதே என்று
இரண்டு நாள் சோர்ந்து கிடந்தானாம்.

பத்தொன்பதாம் நாள் பர்னபே சொன்னார்:
"போர்ட்டோவிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள்.
உன்னைப் பற்றி நல்லதாகத்தான் சொன்னேன்."
மறுபடியா?
"என் எண்ணை நீதானே கொடுத்திருக்கிறாய்."

விண்ணப்பத்தைத் தேடி எடுத்தேன்.
கடைசிப் பக்கம், கடைசிக் கட்டம்:
'தற்போதைய மேலாளரைத் தொடர்புகொள்ளச் சம்மதம்.'
அதற்குள் என் கையால் ஒரு சரிக்குறி.
எல்லாவற்றுக்கும் இடுவதுபோல்
படிக்காமல் இட்டது.

கண்ணை மூடிக்கொண்டு
உலகம் இருட்டு என்று சொன்ன பூனை
பத்தாவது.
அதை நான் பட்டியலில் சேர்க்கவில்லை.

அன்று மாலை மழை.
அழைப்புமணி. துல்சே.
கையில் மத்தி மீன் டப்பா.
"எங்கே அவள்?"

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன்.
"ஒளிந்துகொண்டிருக்கிறாள்" என்றேன்.

துல்சே, முழங்கால் வலிக்காரி,
நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல்
தரையில் மண்டியிட்டு,
சோபாவுக்கு அடியிலிருந்த இருட்டைப் பார்த்து
கூப்பிட ஆரம்பித்தாள்,
இந்த உலகத்தில் அவளிடம் மட்டும் நான் சொன்ன பெயரை,

குரலைத் தாழ்த்தி,
பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடாதபடி.